முதலில் குழந்தையை அளந்துவிடுங்கள்

ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டரின் வாசலில் ஓர் அளவுகோல் நிறுத்தியிருக்கிறார்கள். 44 அங்குலம். தலை அதைத் தொட்டால் உள்ளே போகலாம். என் தங்கை மகனுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. ஐந்தரை வயது. அட்லாண்டாவிலிருந்து காரில் வந்த ஏழு மணி நேரமும் அந்த ஒரு ரைடைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தவன். வாசலில் நின்ற பெண் குனிந்து, அவன் கண்ணைப் பார்த்து, கனிவாகத்தான் சொன்னார். அவன் அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி திரும்பி நடந்தான். அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தப்பு முழுக்க எங்களுடையது. எந்த ரைடுக்கு எத்தனை அங்குலம் என்ற பட்டியலை டிஸ்னி ஒளித்துவைக்கவில்லை. செயலியில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். ஹோட்டல், விடுமுறை, கார் என்று மூன்று மாதம் பேசிய நாங்கள், பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்க்கவில்லை. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கோடுதான்.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்த கதை. அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவார்கள். அதற்குள் நயாகரா ஒரு தடவை, டிஸ்னி ஒரு தடவை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரக்குழந்தைகள் என்று மூன்று தலைமுறை ஒரே காரில் கிளம்பும். கிளம்பும்போதே எல்லார் மனதிலும் ஓர் எண்ணம் இருக்கும்: 'இவ்வளவு செலவு செய்து வருகிறோம், இனி எப்போது வரப்போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.' பயணத்தைக் கெடுப்பது அந்த எண்ணம்தான். அங்கே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. இடத்தின் அளவு அப்படி.

அந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு. வால்ட் டிஸ்னி 1955-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் திறந்த டிஸ்னிலாண்ட் சிறியது. அங்கே கூட்டம் சேரச் சேர, மதிலை ஒட்டி மோட்டல்களும் கடைகளும் நெருக்கியடித்து முளைத்தன. அவற்றின் மேல் அவருக்கு எந்தப் பிடியும் இல்லை. அடுத்த பூங்காவைச் சுற்றி யாரும் நெருங்க முடியாத அளவுக்கு நிலம் வேண்டும் என்று அவர் நினைத்தார். தன் பெயர் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால், 1960-களின் நடுவில் வெவ்வேறு பெயர்களில் தொடங்கிய கம்பெனிகள் மூலமாக, ஆர்லாண்டோவுக்குத் தென்மேற்கே சதுப்பும் புதருமாகக் கிடந்த நிலத்தை வாங்கினார். 27,000 ஏக்கருக்கு மேல். விலை சுமார் 50 லட்சம் டாலர். 1966 டிசம்பரில் அவர் காலமானார். அண்ணன் ராய் டிஸ்னி ஓய்வைத் தள்ளிப்போட்டு வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று பூங்காவைத் திறந்தார். இது யாருடைய கனவு என்று ஊர் அறியட்டும் என்று, பெயரில் 'வால்ட்' என்பதையும் சேர்த்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் போய்விட்டார்.

இன்றைக்கு அது ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பில் கிட்டத்தட்டக் கால் பங்கு. உள்ளே நான்கு பூங்காக்கள்: 1971-ன் மேஜிக் கிங்டம், 1982-ன் எப்காட், 1989-ல் திறந்து இப்போது ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் இருப்பது, 1998-ன் அனிமல் கிங்டம். இவை போக இரண்டு நீர்ப் பூங்காக்கள், ஒரு பெரிய கடைவீதி, இருபதுக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள். மேஜிக் கிங்டமிலிருந்து அனிமல் கிங்டம் சுமார் 10 கிலோமீட்டர். மேஜிக் கிங்டமுக்குச் சொந்தக் காரில் போனால் வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இக்கரையில் காரை நிறுத்திவிட்டு, மோனோரயிலோ படகோ பிடித்து அக்கரைக்குப் போக வேண்டும். ஒன்பது மணிக்குத் திறக்கும் பூங்காவுக்கு எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும் என்பதை முதல்முறை போகிறவர்கள் பலர் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த ஏரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும்; சுரங்கம் வெட்ட முடியாது. ஆனால் ஊழியர்கள் போகவரப் பாதை வேண்டும், குப்பை அள்ளும் வண்டிகள் கண்ணில் படக் கூடாது. அதனால் தரைமட்டத்திலேயே பாதைகளைக் கட்டி, ஏரிக்காகத் தோண்டிய மண்ணை அவற்றைச் சுற்றிலும் மேலும் கொட்டி மூடி, அதன்மேல் பூங்காவை எழுப்பினார்கள். மேஜிக் கிங்டமின் தெருக்களில் நடக்கும்போது நாம் நடப்பது ஒரு கட்டடத்தின் மாடியில். இதைச் சொன்னதும் என் தங்கை மகன் அன்று முதல்முறையாகச் சிரித்தான். அடிக்கடி காலைத் தரையில் தட்டிப் பார்த்தான்.

சரி, எத்தனை நாள்? நாளுக்கு ஒரு பூங்கா என்று நான்கு நாள் தொடர்ந்து போவதை முதியவர்களும் சிறுவர்களும் தாங்கமாட்டார்கள். இரண்டு நாள் பூங்கா, நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு, பிறகு இன்னொரு நாள் பூங்கா என்பதே என் சிபாரிசு. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், மேஜிக் கிங்டம். ஒரே நாளில் பூங்கா மாறிப் போக விடும் 'பார்க் ஹாப்பர்' டிக்கெட் முதல் பயணத்துக்குத் தேவையில்லை. அந்தப் பணம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கவே செலவாகும். ஓய்வு நாளில் ஹோட்டல் நீச்சல் குளம் போதும். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் மோனோரயிலில் ஏறி ஒரு சுற்று வரலாம், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் நடக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

1971-ல் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். இன்று மேஜிக் கிங்டமில் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு நாளைக்கு 200 டாலரை ஒட்டி வந்து நிற்கிறது. விலை தேதிக்குத் தேதி மாறும். நாள் கூடக்கூட ஒரு நாள் கணக்கு குறையும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். பிறந்தநாளை ஒட்டிப் பயணம் வைக்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

வரிசையில் நிற்காமல் போக 1999-ல் 'ஃபாஸ்ட்பாஸ்' வந்தபோது அது இலவசம். இப்போது அதன் இடத்தில் இருக்கும் 'லைட்னிங் லேன்' காசு கொடுத்து வாங்குவது. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்னதாகவும் மற்றவர்கள் மூன்று நாள் முன்னதாகவும் நேரம் குறித்துக்கொள்ளலாம். இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. கையில் காசிருக்கிறவன் பிள்ளையும் இல்லாதவன் பிள்ளையும் ஒரே இடத்தில் இரண்டு வரிசையில் நிற்பது பார்க்க நன்றாக இல்லை. ஆனால் விடுமுறைக் கூட்டத்தில், வயதானவர்களோடு மேஜிக் கிங்டமுக்குப் போகிறவர்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டுமாவது வாங்கத்தான் வேண்டும். மற்ற நாட்களில் காலையில் திறக்கும்போதே உள்ளே இருந்தால் முதல் இரண்டு மணி நேரத்தில் பார்ப்பதே பாதி நாள் பார்ப்பதற்குச் சமம். டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு அரை மணி நேரம் முன்கூட்டியே அனுமதி உண்டு.

உயர விஷயத்துக்குத் திரும்புகிறேன். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெய்னுக்கு 38 அங்குலம். சோரினுக்கு 40. ஸ்பேஸ் மவுண்டனுக்கும் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டுக்கும் அவதாரின் ஃப்ளைட் ஆஃப் பாசேஜுக்கும் 44. டிரானுக்கு 48. இவற்றுக்கு எட்டாத குழந்தையைக் கூட்டிப்போகக் கூடாது என்று சொல்லவில்லை. பீட்டர் பேன், டம்போ, ஜங்கிள் குரூஸ், கிளிமாஞ்சாரோ சஃபாரி எதற்கும் உயரக் கட்டுப்பாடு கிடையாது. 1964-ன் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்காக முதலில் செய்த 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகும் அப்படித்தான். எது உனக்கு, எது அண்ணனுக்கு என்று வீட்டிலேயே சொல்லிவிட்டால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். வாசலில் வைத்துச் சொன்னால்தான் நெஞ்சு உடைகிறது. பெரியவர்களுக்கு ஆசை இருந்தால் 'ரைடர் ஸ்விட்ச்' கேளுங்கள். ஒருவர் போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருக்கலாம். பிறகு அவர் நீண்ட வரிசையில் நிற்காமலே போய்வரலாம். இதற்குக் காசு இல்லை.

எந்த மாதம் என்பதில் நம்மவர்களுக்குச் சிக்கல் அதிகம். பெற்றோர் ஊர் வெயிலுக்குத் தப்பி ஏப்ரல், மே மாதத்தில் கிளம்பி வருவார்கள். பேரக்குழந்தைகளுக்கு ஜூனில் பள்ளி விடுமுறை. அதனால் பயணம் ஜூன், ஜூலையில் வந்து விழும். ஆர்லாண்டோவில் அது சென்னையைப் போன்ற புழுக்கம். கிட்டத்தட்டத் தினமும் பிற்பகலில் இடியும் மழையும். மின்னல் என்றால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் முடிய சூறாவளிக் காலம் வேறு. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளிக்குப் பூங்காக்களையே மூடினார்கள். முடிந்தால் மே முதல் இரண்டு வாரங்களில் பள்ளிக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்வாருங்கள். பெற்றோர் குளிர்காலத்தில் இருக்கிறார்கள் என்றால் ஜனவரிக் கடைசி இன்னும் நல்லது. போகும் தேதியில் எது எது மூடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மேஜிக் கிங்டமின் பழைய ஆற்றையும் டாம் சாயர் தீவையும் 2025 ஜூலையில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அங்கே வேறு ஒன்றைக் கட்டுகிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சூடாக்க வேண்டியிருக்கக் கூடாது, கண்ணாடிப் பாத்திரம் கூடாது, அவ்வளவுதான். புளியோதரையும் சப்பாத்தி ரோலும் தாராளமாக உள்ளே போகும். குளிர்பானம் விற்கும் கவுண்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். சமைக்க வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் கிஸ்ஸிமியில் சமையலறையோடு வாடகை வீடு எடுக்கிறார்கள். ஆறேழு பேர் என்றால் அது சிக்கனமும்கூட. ஒரு வேளை நல்ல உணவகத்தில் சாப்பிட ஆசை என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள 'சனா'வைச் சொல்வேன். சூடான நான் ரொட்டியும் விதவிதமான சட்னிகளும் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். 60 நாள் முன்பே இடம் பிடித்து வைக்க முடியும்.

எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளுக்கு அரங்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. அனிமல் கிங்டமில் இந்தியா வேறு வேடத்தில் இருக்கிறது: 'ஆனந்தபூர்' என்றொரு கற்பனை ஊர், 'சக்ரநதி' என்று ஆறு, இடிந்த அரண்மனைக்குள் உலாவும் புலிகள். சுவரில் காரை பெயர்ந்து, சைக்கிள் சாய்த்துவைத்து, விளம்பரத் தாள் கிழிந்து தொங்கும்படி செய்திருக்கிறார்கள். 71 வயதான என் அம்மா அந்தத் தெருவில் நெடுநேரம் நின்றார். "நம்ம ஊரை எவ்வளவு உத்துப் பாத்திருக்கான் பாரு" என்றார்.

அம்மா அதைப் பார்த்தது மூன்றாம் நாள், சக்கர நாற்காலியிலிருந்து. முதல் நாள் அவர் நடந்தார். "எனக்கு எதுக்குடா வண்டி? நான் என்ன நடக்கமாட்டாதவளா?" என்று கேட்டார், நாங்களும் விட்டுவிட்டோம். தினமும் கோயிலுக்கு நடக்கிறவர்தானே என்று நினைத்தோம். அங்கே ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம், அதுவும் வெயிலில், கான்கிரீட் தரையில். மூன்று மணிக்கு அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்றார். வலிக்கிறது என்று சொல்லவேயில்லை. இரவு காலணியைக் கழற்றியபோதுதான் வீங்கியிருந்த பாதங்களைப் பார்த்தோம். வாணவேடிக்கையை அவர் பார்க்கவில்லை.

வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். பேட்டரியில் ஓடும் வண்டியும் உண்டு. முன்பதிவு கிடையாது, சீக்கிரம் போனால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெற்றோரோடு போகிறவர்களே, அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்கமாட்டார்கள். முதல் நாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.