கடைசி மினி

ஒரு மோட்டார் வண்டி ஏறக்குறைய அதே தோற்றத்துடன் 41 ஆண்டுகள் உற்பத்தியாவது அரிது. பிரிட்டனின் மினி அத்தகைய பெருமையுடையது.

1956-ஆம் ஆண்டில் சூயஸ் நெருக்கடியால் அந்நாட்டில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறுவண்டியை அமைக்கும் பொறுப்பு அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியல் வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கினார். அதனால் பத்தடி நீள வண்டியில் நால்வர் அமர இடம் கிடைத்தது. 1959 ஆகஸ்டில் மினி விற்பனைக்கு வந்தது.

புறத்தோற்றம் பெரிதும் மாறாவிடினும், புதிய சட்டங்களுக்கு ஏற்ப உள்ளமைப்பு மாறவேண்டியதாயிற்று. 1996-இன் இறுதியில் வந்த கடைசி ரகத்தில், ஓசையைக் குறைக்கும்பொருட்டு, பக்கவாட்டிலிருந்த ரேடியேட்டர் முன்புறத்துக்கு மாற்றப்பட்டது. ஓட்டுபவரைக் காக்கக் காற்றுப்பையும், கதவுகளுக்குள் காப்புச் சட்டங்களும் சேர்க்கப்பட்டன. தொடக்கத்தில் 848 கன சென்டிமீட்டராக இருந்த எஞ்சின் அளவு 1275 ஆகியிருந்தது.

2000 அக்டோபர் 4-ஆம் நாள், பர்மிங்காம் நகரின் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து சிவப்பு நிறக் கூப்பர் ஒன்று வெளிவந்தது. அதுவே கடைசி மினி, 53,87,862-ஆவது வண்டி.

வண்டி நின்றது, அதன் கருத்து நிற்கவில்லை. நம் வீதியில் செல்லும் சிறு கார்களின் முன்மூடியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் எஞ்சின் குறுக்காகவே அமைந்திருப்பதைக் காணலாம்.