எய்ட்சுக்குத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?



“பெரியம்மைக்கு ஊசி வந்தது. போலியோவுக்குச் சொட்டு மருந்து வந்தது. எய்ட்சுக்கு மட்டும் ஏன் வரலே?” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

தடுப்பூசி என்ன செய்கிறது? கிருமியைப் போன்ற, தீங்கில்லாத ஒரு மாதிரியை உடலுக்குக் காட்டுகிறது. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கின்றன. பிறகு நிஜக் கிருமி வந்தால், அந்தப் பொருள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது.

எய்ட்சை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியிடம் இது எளிதில் பலிப்பதில்லை. அது ஓயாமல் உருமாறுகிறது. மேலும், தன் மேற்பரப்பைச் சர்க்கரைப் பொருளால் போர்த்தி மறைத்துக்கொள்கிறது.

ஆனாலும் ஒரு வழி தெரிந்திருக்கிறது. கிருமி தொற்றிய சிலருக்கு, சில ஆண்டுகள் கழித்து, பலவகை எச்.ஐ.வி.யையும் தடுக்கும் எதிர்ப்புப் பொருள் தானாகவே உண்டாகிறது. அதற்குள் அவர்கள் உடலிலுள்ள கிருமி மாறிவிடுவதால் அவர்களுக்குப் பலன் குறைவு. அதே பொருளைக் கிருமி தொற்றுவதற்கு முன்பே உண்டாக்கினால்?

அதைத் தயாரிக்கக்கூடிய வெள்ளை அணு, லட்சக்கணக்கில் ஒன்றுதான் இருக்கும். அதுவும் பயிற்சி பெறாதது. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு எட்டாங் கிளாஸ் கணக்குப் புரியுமா? ஆகவே முதல் ஊசியில், அந்த அணுவை மட்டும் தட்டி எழுப்பும் மாதிரியை வைக்கிறார்கள். அடுத்தடுத்த ஊசிகளில், நிஜக் கிருமியை மேலும் மேலும் ஒத்த மாதிரிகளைக் கொடுத்துப் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட முதல் ஊசியைச் சோதித்தார்கள். 2022ல் வெளியான முடிவின்படி, ஊசி போட்டுக்கொண்ட 36 பேரில் 35 பேருக்கு அந்த அணு விழித்துக்கொண்டது. இது முதல் படிதான். எய்ட்சுக்கான தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை. எனவே, “எய்ட்ஸ் தடுப்பூசி இருக்கு” என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

1. ஆணுறையைத் தவறாமல், முறையாகப் பயன்படுத்துங்கள்.
2. கர்ப்பம் தரித்தவுடன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கணவரும் கூடவே செய்துகொள்வது நல்லது.
3. கிருமி இருந்தால் பயப்படாதீர்கள். அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். தாய் ஒழுங்காகச் சாப்பிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு மிகவும் குறையும். பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குப் பரவாது.

விவரம் கேட்க 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். கூச்சம் வேண்டாம். இருவரும் சேர்ந்தே வாருங்கள்!