பழைய ஷட்டரும் புது மோட்டாரும்

நமது ஊர்க் கடைத்தெருக்களில் ஒரு காலத்தில் கடைக்கதவு என்றால் பலகைதான். ஒன்று, இரண்டு என்று எண் போட்ட பலகைகளைக் காடியில் ஒவ்வொன்றாகச் செருகி, குறுக்கே ஓர் இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டினால் கடை அடைத்தாயிற்று. எண் மாறிப் போனால் கடைசிப் பலகை இறங்காது. பிறகு சுருள் ஷட்டர் வந்தது. கொக்கிக் கம்பியால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். இப்பொழுது வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் அந்த ஷட்டருக்கு மோட்டாரும் ஏறி வருகிறது. வரவேற்க வேண்டிய மாற்றமே. வயதான முதலாளிமார் விடியற்காலையில் குனிந்து ஷட்டரைத் தூக்கி, அன்று முழுவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லாவில் உட்காரும் துன்பம் இதனால் தீருகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் புது ஷட்டருக்கு மோட்டார் போடுவதில்லை. பதினைந்து, இருபது ஆண்டு உழைத்த ஷட்டரைத் தூக்க முடியவில்லை என்ற காரணத்துக்காகவே மோட்டார் போடுகிறோம். தூக்க முடியாமல் போனதற்குக் காரணம் என்ன என்று கேட்பதில்லை. கொஞ்ச காலத்தில் கியர் பல் தேய்ந்தது, செயின் அறுந்தது, காயில் கருகியது என்று வரிசையாகச் செலவு வரும்போது பழி மோட்டார் கம்பெனியின் தலையில் விழுகிறது. பழுதைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி மோட்டார் அல்ல, அதன் தலையில் கட்டிய ஷட்டர்தான்.

தூக்குவது யார்?

பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள ஒரு சாதாரணக் கடை ஷட்டரை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் வழக்கமாகக் குறிக்கப்படும் கனமான பட்டை 80 மில்லிமீட்டர் அகலமும் 1.25 மில்லிமீட்டர் கனமும் கொண்டது. அந்தக் கனத்தில் செய்த ஷட்டர், பட்டைகளின் வளைவும் கோர்வையும் சேர்ந்து, 100 கிலோவை ஒட்டி வரும். ஒரு மூட்டை அரிசியைத் தோளுக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இந்த ஷட்டரை ஒரு கையால் மேலே தள்ளுகிறோம். எப்படி?

மேலே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் தூக்குகிறது. ஷட்டர் கீழே இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். முழுதும் இறங்கி, தொங்கும் பாரம் மிகுதியாக இருக்கும்போது ஸ்பிரிங்கின் முறுக்கும் மிகுதியாக இருக்கும். மேலே ஏறிச் சுருளச் சுருளத் தொங்கும் பாரம் குறையும், முறுக்கும் தளரும். தராசின் இரண்டு தட்டைப் போல இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன. கை கொடுப்பது சிறு உந்துதல்தான். இந்தக் கணக்கை வைத்தே, 10 சதுர மீட்டர் வரை உள்ள ஷட்டரைக் கையால் தள்ளும் வகையாகவும், அதற்கு மேற்பட்டதைப் பொதுவாகக் கியரும் செயினும் கொண்டதாகவும் அமைக்கும்படி மேற்படி துறையின் விவரக்குறிப்பு சொல்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921-இல் மேல்நோக்கித் திறக்கும் கராஜ் கதவைச் செய்தார். 1926-இல் அதற்கு மின்சார மோட்டாரும் கண்டார். நூறாண்டு ஆகியும் அங்கே வீட்டுக் கதவு மோட்டாருடன் வரும் புத்தகம் முதலில் சொல்வது, மோட்டாரைப் பொருத்தும் முன் கதவு ஸ்பிரிங்கில் சமநிலையில் நிற்கிறதா என்று பார் என்பதைத்தான். அந்த மோட்டார் கதவை நகர்த்தப் பிறந்தது, சுமக்கப் பிறந்ததல்ல.

நம் கடைகளில் நடுவில், உருளையின் மேலேயே உட்காரும் மோட்டாருக்கு இது அப்படியே பொருந்தும். ஸ்பிரிங்கை நம்பித்தான் அது வேலை செய்கிறது. பக்கவாட்டுச் சுவரில் பொருத்திச் செயினால் இழுக்கும் மோட்டார் வேறு சாதி. ஸ்பிரிங் இல்லாமலே முழுப் பாரத்தையும் தூக்கும்படி 300 கிலோ, 500 கிலோ, 800 கிலோ என்று திறன் குறித்து விற்கிறார்கள். ஆனால் அந்தக் கிலோ, சீராக ஓடும் ஷட்டரின் எடை. கைடு வளைந்து, பட்டை துருவேறிப் பிடித்துக்கொண்டால் அந்த உராய்வை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. மோட்டார் மட்டும் அதையும் சேர்த்து இழுக்கும்.

கை காட்டிக்கொடுத்ததை மோட்டார் மறைக்கும்

கையால் திறந்த நாளில் ஷட்டரின் நோய் நமக்கு அன்றைக்கன்றே தெரிந்தது. இரண்டு மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று முறிந்தால் மறுநாள் காலை ஷட்டர் கல்லாகக் கனக்கும், ஆளைக் கூப்பிட்டோம். மோட்டார் வந்தபின் விரல் பொத்தானை அழுத்துவதோடு சரி. முறிந்த ஸ்பிரிங்கோடு மாதக்கணக்கில் மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும். நமக்குத் தெரிவது, ஏறும் வேகம் சற்றுக் குறைந்தது, ஓசை மாறியது, தொட்டால் சூடு என்பது மட்டுமே. அதையும் கடைப் பையன் சொன்னால்தான் உண்டு.

மின்சாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வகை மோட்டார் இழுக்கும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் முழு விசை என்றால், 184 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஐந்தில் நான்கு பங்கு விசை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே, நூற்றுக்கு 64 தான் கிடைக்கும். சமநிலையில் உள்ள ஷட்டர் அந்த நேரத்திலும் ஏறிவிடும். ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டர் பாதியில் நிற்கும். நாம் விடாமல் பொத்தானை அழுத்துவோம். மோட்டார் சூடேறித் தானே அணைந்து காப்பாற்றிக்கொண்டால் அதிர்ஷ்டம்.

அது பெரும்பாலும் நடப்பது வியாபாரம் மும்முரமான நாளில்தான். ஆடி அமாவாசைக்கு முந்திய விடியலில் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறும் பக்தர்கள் கற்பூரமும் தண்ணீர்ப் பாட்டிலும் பழமும் வாங்க நிற்கும்போது நமது ஷட்டர் முழங்கால் உயரத்தில் நின்றால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ இராஜபாளையத்திலிருந்தோ மெக்கானிக் வந்து சேர்வதற்குள் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கும். பழுதுக்குக் கொடுக்கும் கூலியை விட இந்த நஷ்டம் பெரிது. கணக்கில் எழுதாத நஷ்டம் என்பதால் நாம் பொருட்படுத்துவதில்லை.

ஷட்டர் ஏன் கனக்கிறது?

ஸ்பிரிங் தளர்வது ஒரு காரணம். மற்றவை பெரும்பாலும் நமது கைங்கரியம்.

காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது நல்ல வழக்கம். அந்தத் தண்ணீர் முதலில் அரிப்பது ஷட்டரின் அடிப்பட்டையை. போதாக்குறைக்கு, சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து கடை பள்ளமாகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பட்டை தண்ணீரில் ஊறுகிறது. உப்பு மூட்டையை ஷட்டர் ஓரமாக அடுக்கும் பலசரக்குக் கடையில் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது பெயிண்ட். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் பழைய பூச்சைச் சுரண்டாமலே மேலே மேலே அடிக்கிறோம். ஷட்டரில் விளம்பரம் எழுதிக்கொள்ள இடம் கொடுத்தால் அது தனிப் பூச்சு. பட்டையும் பட்டையும் கோர்க்கும் இடுக்கில் பெயிண்ட் இறங்கி ஒட்டிக்கொள்ளும். மடங்கிச் சுருள வேண்டிய பட்டை விறைத்து நின்றால் சுருள் பருத்துப் பெட்டியில் உரசும்.

மூன்றாவது எண்ணெய். கைடில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவார்கள். மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் தெருப் புழுதியும் அதில் சேர்ந்து பசையாகிவிடும். தென்னைக்குப் பேர்போன நம் அடிவாரத்தில் கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்குவது. மார்கழி விடியலில் கைடுக்குள் அது மெழுகாக நிற்பதில் வியப்பில்லை. கைடைத் துணியால் துடைத்து, கெட்டிப்போன அழுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்ந்தபின் மெழுகைத் தேய்த்துவிட்டால் போதும். கிரீஸ் செயினுக்கும் பேரிங்குக்கும் உரியது, கைடுக்கு அல்ல.

வண்டி பின்பக்கமாக வந்து இடித்த கைடைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திச் சமாளித்த கிட்டங்கிகளும் உண்டு. தட்டிய இடத்தில் அகலம் ஒரு நூல் குறைந்தாலும் ஒவ்வொரு பட்டையும் அங்கே உராய்ந்தே போகும். அந்தத் துண்டை மாற்றிவிடுவதே சிக்கனம்.

சோதிப்பது எப்படி?

நடுமோட்டார் என்றால் ஷட்டரை முழுதும் இறக்கி, மின்சாரத்தை நிறுத்தி, விடுவிப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை ஷட்டரிலிருந்து பிரித்துவிட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள். மேலே ஏற்றி வைத்துக்கொண்டு கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் முறிந்திருந்தால் 100 கிலோவும் ஒரே நொடியில் கீழே வரும். இடுப்பளவில் நிறுத்திக் கையைத் தளர்த்தினால் நல்ல ஷட்டர் அங்கேயே நிற்கும் அல்லது மெல்ல நகரும். சரிந்து இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்தது. துள்ளி ஏறினால் முறுக்கு அதிகம். அதுவும் மோட்டாருக்குக் கேடு, இறக்கும்போது எதிர்த்து இழுக்கும். பக்கமோட்டாரில் கைச்சங்கிலியை இழுத்துப் பார்த்தால் போதும். எந்த உயரத்தில் கை திணறுகிறதோ, அந்த இடத்தில்தான் கைடோ பட்டையோ பழுது.

சோதனை நம் வேலை, ஸ்பிரிங்கில் கை வைப்பது நம் வேலை அல்ல. முறுக்கேறிய ஸ்பிரிங்கின் போல்ட்டைத் தெரியாமல் கழற்றினால் பைப் சுழன்று விரலையும் மணிக்கட்டையும் முறித்துவிடும். பழகிய மெக்கானிக்கே முறுக்கை இறக்கிவிட்டுத்தான் தொடுவார்.

பட்டைகள் மாற்றினால் லிமிட் ஸ்விட்சையும் மறுபடி அமைக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டையில் உயரமும் சுருளின் பருமனும் மாறியிருக்கும். பழைய அளவிலேயே விட்டால் ஷட்டர் தரையில் அமர்ந்த பின்னும் மோட்டார் சுற்றி, பட்டைகள் மேலே குழம்பிக் கிடக்கும்.

பூட்டின் கதை வேறு. மோட்டார் வந்த பின்னும் பழைய தரைப்பூட்டை நாம் விடுவதில்லை. திருட்டு பயம் நியாயமானதே. ஆனால் இடதுபக்கப் பூட்டைத் திறந்து, வலதுபக்கத்தை மறந்து ரிமோட்டை அழுத்தினால் ஒரே முறையில் அடிப்பட்டை வளைந்து, செயின் அறுந்து, கைடும் விரியும். "அண்ணாச்சி, மோட்டார்ல ஒண்ணுமில்ல, பூட்டைத் திறந்தீங்களா?" என்று மெக்கானிக் போனிலேயே கேட்பது இதனால்தான். பூட்டு இருக்கும்வரை மின்சாரம் போகாதபடி ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளலாம், பெரிய செலவல்ல.

அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில், இடையில் ஆள் சிக்கினால் கதவு திரும்ப மேலே போகும் ஏற்பாட்டைச் சட்டமே கட்டாயமாக்கியது. நம் கடை ஷட்டர் பலவற்றில் அது கிடையாது. குழந்தைகள் வந்து போகும் கடையில், ஷட்டர் முழுதும் இறங்கும்வரை ஒருவர் நின்று பார்ப்பது கட்டாயம். நடந்துகொண்டே ரிமோட்டை அழுத்திவிட்டு வண்டி ஏறுவதை விட்டுவிடுங்கள்.

வேறு வாசல் இல்லாத ஒற்றைக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் மோட்டார் பொருத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கைச்சங்கிலி கடைக்குள்ளேதான் தொங்கும். மின்சாரம் போய் ஷட்டர் மூடியிருந்தால் அதை வெளியிலிருந்து எப்படி எட்டுவது? வெளியிலிருந்து சாவி போட்டு விடுவிக்கும் ஏற்பாடோ, பேட்டரியோ வேண்டும். இரவில் கடைக்குள் ஆள் படுப்பதாக இருந்தால், அவருக்கு இருட்டில் சங்கிலி எங்கே இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டி, ஒரு முறை இழுத்துத் திறக்கவும் சொல்லிப் பாருங்கள்.