சட்டை மாற்றும் கோழி!

குட்டீஸ்... காலையில் கோழிக் கூட்டைத் திறக்கிறீர்கள். தரையெல்லாம் இறகு! கீரி புகுந்துவிட்டதோ, நாய் கடித்துவிட்டதோ என்று பதறிப் போய் எண்ணிப் பார்த்தால், எல்லாக் கோழிகளும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், நேற்று வரை பளபளவென்று திரிந்த சிவப்புக் கோழியின் கழுத்தில் மட்டும் சொட்டை விழுந்திருக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் நெஞ்சு, முதுகு, வால் என்று ஒவ்வோர் இடமாகக் கொட்டுகிறது. முட்டையிடுவதும் நின்று போகிறது.

அப்போதுதான் வீட்டில் பேச்சு கிளம்பும். "கோழிக்குச் சீக்கு வந்துடுச்சு. முட்டையும் இல்ல, போடுற தீனியும் தண்டம். வர்ற ஞாயித்துக்கிழமை குழம்பு வச்சிட வேண்டியதுதான்!"

கொஞ்சம் பொறுங்கள்! அது நோயாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் கோழி பழைய சட்டையைக் கழற்றிவிட்டு, புதுச் சட்டை போட்டுக் கொண்டிருக்கலாம்.

ஏன் உதிர்கிறது?

நம் முடியும் நகமும் போல, இறகும் 'கெரட்டின்' என்ற புரதத்தால் ஆனது. முழுதாக வளர்ந்துவிட்ட இறகுக்கு உயிர் கிடையாது. ஒடிந்தால் ஒட்டாது, தேய்ந்தால் நீளாது. வெயில், மழை, புழுதி, சண்டை என்று ஓராண்டு முழுவதும் உழைத்த இறகு நைந்து போகும். நைந்த இறகு மழையைத் தடுக்காது, குளிரையும் தாங்காது. அதனால்தான் வளர்ந்த கோழி, பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை பழைய இறகுகளை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக் கொள்கிறது.

எல்லாப் பறவைகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 'குட்டி போடும்' என்று நம்பி நோட்டுக்குள் ஒளித்து வைப்பீர்களே மயிலிறகு, அதுவும் இப்படி உதிர்ந்ததுதான்!

யார் சொல்லிக் கொடுத்தது?

கோழிக்குக் காலண்டர் தெரியாது. சூரியன்தான் அதற்குக் காலண்டர். சென்னையில் ஜூன் மாதத்தில் பகல் பொழுது சுமார் 13 மணி நேரம். டிசம்பரில் அது சுமார் 11½ மணி நேரமாகக் குறைகிறது. பகல் குறைவதைக் கோழியின் உடல் உணர்ந்து கொள்கிறது. உடனே, 'முட்டையை நிறுத்து, இறகை மாற்று' என்று கட்டளை பிறக்கிறது. குளிர் நாடுகளில் இந்த வேறுபாடு மிக அதிகம் என்பதால், அங்கே கோழிகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் இறகு உதிர்க்கும். நம் ஊரில் அவ்வளவு கண்டிப்பான கணக்கு இல்லை. அடைகாத்து, குஞ்சு வளர்த்து முடித்த பின் உதிர்க்கும் கோழிகளும் உண்டு. கடும் வெயில், தண்ணீர் இல்லாமை, பயம் ஆகியவற்றாலும் இறகு உதிரும்.

முட்டை ஏன் நிற்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? ஒன்றரை கிலோ எடையுள்ள கோழியின் இறகுகள் மட்டும் சுமார் 80 கிராம் இருக்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 100க்கு 90 பங்கு புரதம். அதாவது, 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம் புரதம். அப்படியானால், புதுச் சட்டை தைக்க ஒரு டஜன் முட்டைக்கான புரதம் வேண்டும்! தின்னும் தீனியில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது அல்லவா? அதனால்தான் முட்டைக்கு விடுமுறை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நன்றாக முட்டையிடும் கோழிகள் பெரும்பாலும் தாமதமாக இறகு உதிர்க்கத் தொடங்கும். ஆனால், மளமளவென்று கொட்டிவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடும். சுமாராக முட்டையிடும் கோழி கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதம் இழுத்தடிக்கும். ஆக, பார்க்கவே பரிதாபமாக நிற்கிற கோழிதான் உங்கள் வீட்டின் சிறந்த முட்டைக் கோழியாக இருக்கலாம். அதையா குழம்பு வைப்பது?

நோயா, இல்லையா?

சொட்டை விழுந்த இடத்தை உற்றுப் பாருங்கள். ஊசி முனை போல முளைகள் தெரிகின்றனவா? அவை புதிய இறகுகள். கோழி வழக்கம் போல மேய்ந்து, கிளறி, தீனி தின்றால் கவலை வேண்டாம். கொண்டை சற்றுச் சுருங்கி வெளுத்திருப்பதும் இந்த நேரத்தில் இயல்புதான்.

முளையே இல்லாமல் தோல் சிவந்திருந்தால், மற்ற கோழிகள் கொத்தியிருக்கலாம். பேன் தொல்லையாகவும் இருக்கலாம். கோழி தீனி எடுக்காமல், இறக்கை தொங்கி, தூங்கி வழிந்தாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தாலோ அது நோய். மற்ற கோழிகளிடமிருந்து அதைப் பிரித்து வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கோழியைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். தொட்டால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கசியும்.

* ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகள் அங்கேயே கொத்தும். பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து, தீனியும் தண்ணீரும் வையுங்கள்.

* வெறும் அரிசி, நொய் போதாது. புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத் தூள், முருங்கைக் கீரை, அசோலா நல்லவை. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மட்டும் கொடுக்கவே கூடாது.

* கரையான் கோழிக்கு விருந்து! பழைய பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். இதைப் பெரியவர்கள் துணையோடுதான் செய்ய வேண்டும். புற்றில் பாம்பு இருக்கலாம்.

* மழை ஒழுகாத கூடு, புரண்டு குளிக்கக் காய்ந்த மண், எப்போதும் சுத்தமான தண்ணீர் வேண்டும். புதுக் கோழிகளை இந்த நேரத்தில் சேர்க்க வேண்டாம்.

* கூட்டைச் சுத்தம் செய்த பின் சோப்பு போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

ஒரு நோட்டில் முதல் இறகு உதிர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். முளை தெரிந்த நாள், வால் வளர்ந்த நாள் என்று எழுதிக் கொண்டே வாருங்கள். ஒரு நாள் உங்கள் கோழி புது மினுமினுப்போடு, கொண்டை சிவக்க, 'கொக்... கொக்... கொக்...' என்று கூரை அதிரக் கத்தும். ஓடிப் போய்ப் பாருங்கள், முட்டை இருக்கும்! முதல் ஆண்டை விட எண்ணிக்கை சற்றுக் குறையலாம். ஆனால், ஓடு நல்ல உறுதியாக இருக்கும். முட்டையும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

அதுவரை, வீட்டில் யாராவது குழம்புப் பேச்சை எடுத்தால் என்ன சொல்வீர்கள்? "அப்பா, கோழி சட்டை மாத்திக்கிட்டு இருக்கு. மூணு மாசம் பொறுங்கப்பா!"