வெளிநாட்டு மாப்பிள்ளையா? தாலிக்கு முன்னால் தாள்!



சில மாதங்களுக்கு முன்னால் நம் அண்ணாகிராமம் ஒன்றியத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்து எல்லோரும் எழுந்தார்கள். ஒரு அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். என்னக்கா என்று கேட்டோம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி ஒன்றரை வருஷம் ஆவுது. மாப்பிள்ளை பிரான்சுல இருக்காரு. இவ என் வீட்டுலதான் கெடக்கா. விசா வரல. ஊருல ஆளுக்கு ஒரு பேச்சு பேசுறாங்க" என்றார்.

கல்யாணத்துக்குக் குழுவில் வாங்கிய கடனை முந்திரி உடைத்த கூலியில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை ஏமாற்றிவிட்டாரோ என்று நாங்களும் முதலில் பயந்தோம். தாள்களை வாங்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஏமாற்று ஒன்றும் இல்லை. முதலில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு இருபது நாள்தான் லீவு. பத்திரிகை, மண்டபம், சாப்பாடு எல்லாம் பார்த்தார்கள். தாளை யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கஷ்டம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

நம்ம ஊருக்கும் பிரான்சுக்கும் என்ன சம்பந்தம்?

பக்கத்திலிருக்கும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. அப்படி வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரெஞ்சு நாட்டவர்கள். பேசுவது தமிழ், கும்பிடுவது நம்ம சாமி. ஆனால் சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர். பெண் கொடுப்பவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் வரிசை இதுதான்

1. கல்யாணத்துக்கு முன்பே புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் 'திருமணத் தகுதிச் சான்று' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை இல்லை என்று சொல்லும் தாள் அது. பெண், மாப்பிள்ளை இருவருடைய பிறப்புச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். யாருக்காவது முன்பே திருமணம் ஆகியிருந்தால், விவாகரத்துத் தீர்ப்போ பழைய துணையின் இறப்புச் சான்றோ வேண்டும்.

2. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று 10 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். மாப்பிள்ளை பிரான்சில் குடியிருந்தால் அந்த ஊர் நகராட்சியிலும் ஒட்டுவார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிப்பதும் உண்டு. பெண்ணிடம் கேட்டால் பெண்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பா, மாமா யாரும் முந்திக்கொண்டு பேச வேண்டாம். கட்டாயக் கல்யாணமா, விசாவுக்காகச் செய்யும் கல்யாணமா என்று பார்க்கத்தான் அந்த விசாரணை.

3. சான்று கையில் வந்த பிறகு தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் வருடச் சட்டப்படி எல்லா மதத்துத் திருமணங்களையும் 90 நாளுக்குள் கட்டாயம் பதிய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்வதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. கையெழுத்துப் போட மூன்று சாட்சிகள் வேண்டும். இருபது நாள் லீவில் வருபவருக்கு இது ஒத்துவராது. முன்கூட்டியே திட்டம் போட வேண்டும்.

4. பதிவுச் சான்றைத் துணைத் தூதரகத்தில் கொடுத்து, திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றியதும் குடும்பப் புத்தகம் தருவார்கள். பிரெஞ்சு அரசின் கணக்கில் நம் பெண் 'மனைவி' என்று காட்டுவது இதுதான். நம்ம ஊர் ரேஷன் கார்டில் பெயர் ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. அதன்பிறகுதான் பிரெஞ்சு நாட்டவரின் துணைக்கான நீண்டகால விசா. இந்த விசாவுக்கு விசாக் கட்டணம் கிடையாது. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. எனவே "விசாவுக்கு லட்சம் ஆகும்" என்று எந்தப் புரோக்கராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரான்சு போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இன்டர்நெட்டில் உறுதி செய்ய வேண்டும். இதை மறந்தால் அங்கே தங்குவதற்கான உரிமையே சிக்கலாகும்.

அந்த அக்கா வீட்டில் முதல் இரண்டு படியையும் தாண்டிவிட்டு மூன்றாவதற்குப் போய்விட்டார்கள். அதனால் கல்யாணம் செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால் முன்னால் நடக்க வேண்டிய அறிவிப்பும் விசாரணையும் பின்னால் நடக்கின்றன. அதுவரை பெயர் ஏறாது. பெயர் ஏறாமல் விசா நகராது. தாமதத்துக்கு இதுதான் காரணம்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால்?

கடலூர், சிதம்பரம் பக்கம் நிறைய பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். அங்கே கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க் பெர்மிட்டில் மனைவியைக் கூட்டிப்போய்க் குடும்பம் நடத்த முடியாது. அதற்கு வேறு வகை பாஸும், மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பளமும் வேண்டும். "கல்யாணம் ஆனதும் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொன்னால், "உங்களுக்கு எந்த பாஸ், தம்பி?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பெயரில் வரும் வம்பு

நாங்கள் பார்த்தவரை அதிக நாள் இழுப்பது இதுதான். பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து வித்தியாசம், பாஸ்போர்ட்டில் இன்ஷியல் விரிந்து அப்பா பெயர். நமக்கு ஒரே ஆள். வெளிநாட்டு ஆபீசருக்கு மூன்று ஆள். சிலருடைய பிறப்புச் சான்றில் பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும், பெயரே இருக்காது. சிலருக்குப் பிறப்பைப் பதிந்தே இருக்க மாட்டார்கள். ஒரு வருடம் தாண்டிய பிறப்பைப் பதிய அதிகாரியின் உத்தரவு வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஆகவே வரன் பார்க்க ஆரம்பிக்கும்போதே இதையெல்லாம் சரி செய்துவிடுங்கள்.

நிச்சயத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* மாப்பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன்? பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.
* என்ன விசா, என்ன வேலை, யார் முதலாளி? அந்த ஊரில் இருக்கும் நம்மவர் மூலம் விசாரியுங்கள்.
* முன்பே கல்யாணம் ஆனவரா? வாய்வார்த்தை போதாது, தாள் வேண்டும்.
* பெண்ணைக் கூட்டிப்போக முடியுமா? எத்தனை மாதம் ஆகும்?
* பெண்ணுக்கு இதில் முழுச் சம்மதமா? பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்ததா?

கல்யாணம் ஆன பிறகும் பெண்ணின் பாஸ்போர்ட் பெண்ணிடம்தான் இருக்க வேண்டும். எல்லாத் தாளுக்கும் நகல் எடுத்து அம்மா வீட்டிலும் ஒரு செட் வையுங்கள். விசாச் செலவு என்று பணம் கேட்டு மிரட்டினால் அதுவும் வரதட்சணைதான். 1961-ம் வருடச் சட்டப்படி அது குற்றம்.

கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டாலோ, வெளிநாட்டில் கொடுமை நடந்தாலோ பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம். கடலூரில் மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கிறது. டெல்லியில் தேசிய மகளிர் ஆணையம் வெளிநாடு வாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பெண் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு நேரே போகலாம்.

அந்த அக்காவின் மகளோடு நாங்களும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். கேட்ட தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தாயிற்று. இன்னும் பதில் வரவில்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்கு இப்போது தெரியும். ஊரில் யாராவது கேட்டால் அவளே பதில் சொல்கிறாள்.

உங்கள் குழுவில் வெளிநாட்டு வரன் பேசும் வீடு இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். கல்யாணக் கடன் கேட்டு மனு வந்தால், தொகையைப் பேசுவதற்கு முன்னால் "தாள் எல்லாம் தயாரா?" என்று கேளுங்கள்.