நகலெடுக்கும் முன் துடைத்தெடுங்கள்

2024 அக்டோபரில், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருளின் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கிளஸ்டருக்கான சர்வர் டிஸ்க் இமேஜ்களைத் தயாரிக்கும் ‘இமேஜ் பில்டர்’ என்ற கருவியைப் பற்றியது அது. தயாரிப்பு வேலைக்காக இந்தக் கருவி ‘பில்டர்’ என்றொரு கணக்கை உருவாக்கி, அதற்கு முன்கூட்டியே நிர்ணயித்த ஒரு பாஸ்வேர்டைக் கொடுக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் தளத்துக்கான இமேஜ்களில், வேலை முடிந்த பிறகும் அந்தக் கணக்கு மூடப்படவில்லை. அந்த இமேஜிலிருந்து எழுப்பிய சர்வருக்குள் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர் யாரும் நுழையலாம், ரூட் அதிகாரத்தையும் பெறலாம். சிவிஇ-2024-9486 என்று பதிவான இந்தக் குறைக்குக் கிடைத்த அபாய மதிப்பு 10-க்கு 9.8.

கருவியின் 0.1.38 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. ஆனால் கருவியைப் புதுப்பித்ததோடு வேலை முடிந்துவிடாது. பழைய பதிப்பில் தயாரித்த இமேஜும், அதிலிருந்து பிறந்த சர்வர்களும் அதே ஓட்டையோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். இமேஜைப் புதிதாகத் தயாரித்து, நோட்களை, அதாவது கிளஸ்டரில் உள்ள சர்வர்களை, மாற்ற வேண்டும். அதுவரை ஒவ்வொரு நோடிலும் ‘பில்டர்’ கணக்கைப் பூட்டி வையுங்கள்.

ஒரு சர்வரில் நேர்ந்த கவனக்குறைவு அந்த ஒரு சர்வரோடு நிற்கும். இமேஜில் நேர்ந்தால், விதைநெல்லில் கலந்த களை விதை மாதிரி வயல் முழுக்க முளைக்கும். ‘டெஸ்டிங்குக்கான இமேஜ்தானே’ என்ற அலட்சியம் இங்கேதான் ஆபத்தாகிறது. சோதனைக் கிளஸ்டரும் பல இடங்களில் அலுவலக நெட்வொர்க்கிலேயே இருக்கிறது. உண்மையான கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரியின் டோக்கனையே பயன்படுத்துகிறது.

இமேஜில் தங்கவே கூடாதவை சில உண்டு: ரெஜிஸ்ட்ரி டோக்கன், கிளவுட் சாவி, தயாரித்தவரின் எஸ்எஸ்எச் சாவி, கட்டளை வரலாறு. கடைசியில் அழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கோப்பை நீக்கினால் பெயர்தான் போகிறது. அதன் உள்ளடக்கம் டிஸ்க் பிளாக்குகளில் கிடக்கும். அமேசான் கிளவுடில் பொதுவில் பகிரப்பட்ட 5,000-க்கும் மேற்பட்ட இமேஜ்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, உரிமையாளர்கள் விட்டுச்சென்ற சாவிகளையும், நீக்கியதாக அவர்கள் நம்பிய கோப்புகளையும் மீட்டெடுத்துக் காட்டியது. ரகசியத்தை உள்ளே வைக்காமலிருப்பதே பாதுகாப்பு. சர்வர் முதன்முதலாக எழும்போது அதைக் கிளவுட்-இனிட் கருவி வழியாக வெளியிலிருந்து கொடுங்கள்.

இவற்றிலும் மோசமானது, நேரம் மிச்சம் என்று கியூப்அட்மின் கருவியை ஓட்டிக் கிளஸ்டரை அமைத்துவிட்டு அதையே இமேஜாக்குவது. அப்போது கிளஸ்டரின் மூலச் சான்றிதழும் அதன் தனிச்சாவியும் இமேஜுக்குள் போய்விடும். மூலச் சான்றிதழ் இயல்பாக 10 ஆண்டு செல்லும். கசிந்த ஒரு பயனர் சான்றிதழை மட்டும் தனியாக ரத்து செய்யும் வசதி குபர்நெட்டிஸில் கிடையாது. மூலச் சாவியே கசிந்தால், அதையே மாற்றி எல்லாச் சான்றிதழ்களையும் மறுபடி வழங்குவதுதான் வழி. ஆகவே தேவையான மென்பொருளை நிறுவி, கன்டெய்னர் இமேஜ்களை இறக்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இமேஜோடு மெஷினின் அடையாளங்களும் நகலாகும். மெஷின்-ஐடி ஒன்றாயிருந்தால், உபுண்டு சர்வர் போன்றவற்றில் இரண்டு மெஷின்கள் ஒரே ஐபி முகவரியைப் பெறக்கூடும். ஹோஸ்ட் பெயரும் ஒன்றானால் கிளஸ்டர் இரண்டாவது நோடைச் சேர்க்க மறுக்கும், அல்லது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும். சோதனை முடிவு பொய்யாகிவிடும். மென்பொருளில் இல்லாத பிழையைத் தேடி நாட்கள் போகும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவி ஒன்றாக இருந்தாலோ, ஒரு நோடைக் கைப்பற்றியவர் மற்ற நோட்களாக வேடமிட முடியும். விர்ட்-சிஸ்ப்ரெப் கருவி, கிளவுட்-இனிட்டின் ‘கிளீன்’ கட்டளை ஆகியவை இவற்றைத் துடைக்கவே இருக்கின்றன. பிறகு இரண்டு மெஷின்களை எழுப்பி, இந்த மூன்றும் வேறுபடுகின்றனவா என்று நீங்களே ஒப்பிடுங்கள்.

சோதனை நிஜம்போல இருக்கட்டும் என்று வாடிக்கையாளர்களின் தகவல்தளத்தை இமேஜுக்குள் வைப்பதை மன்னிக்கவே முடியாது. அந்தப் பெயர்களும் கைபேசி எண்களும் அவர்களுடையவை. இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவை நீக்கக் கேட்கும் உரிமையை ஒருவருக்கு அளிக்கிறது. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழிசெய்கிறது. எத்தனை இமேஜ்களில் நகல் இருக்கிறது என்றே தெரியாத நிறுவனம் எதை நீக்கும்? கற்பனைத் தரவையே பயன்படுத்துங்கள்.

இமேஜைப் பெறுபவருக்கும் உரிமை உண்டு. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவதால், இமேஜை வெளியாருக்கு வழங்குபவர் கெர்னலின் மூல நிரலும் கிடைக்கச் செய்தாக வேண்டும். எப்போது, எந்தப் பதிப்புக் கருவியால் தயாரித்தது, உள்ளே என்னென்ன மென்பொருள், சரிபார்ப்புத் தொகை என்ன என்று கேட்கவும் தயங்காதீர்கள். பதில் சொல்ல முடியாதவர் தந்த இமேஜை ஏற்றாதீர்கள்.

கசிவு தெரிந்துவிட்டால் முதலில் சாவிகளையும் டோக்கன்களையும் மாற்றுங்கள். அதன்பின் இமேஜைப் பகிர்விலிருந்து எடுத்து, அதிலிருந்து எழுந்த எல்லா மெஷின்களையும் பட்டியலிட்டு மாற்றுங்கள். சர்வருக்குள் யாரோ நுழைந்திருப்பது தெரிந்தால், 2022 ஏப்ரல் 28-இல் வெளியான உத்தரவின்படி இந்திய நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாகுகளையும் வைத்திருக்க வேண்டும். பழுதான இமேஜின் ஒரு பிரதியை நெட்வொர்க்குக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். எப்படி நுழைந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.