மரபு வீதிகளில் மாற்றுக் கட்டுமானப் பொருள்கள்: புதுச்சேரி தமிழர் பகுதியை முன்வைத்து

முன்னுரை

மரபு வீதியொன்றில் புதுக் கட்டடம் எழும்போது, பழம்பொருளுக்கு ஈடாக எப்பொருளை ஏற்கலாம் என்பது பெரிதும் தோற்றம் பற்றிய வினாவாகவே கருதப்படுகிறது. அது பொருளின் இயல்பு பற்றிய வினாவுமாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றமும் இயல்பும்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. தெருவை நோக்கிய திண்ணையும் தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் வீதிக்கு ஒருமை தருகின்றன. வைசியாள் வீதியில் இவ்வொருமை மீட்கப்பட்டமைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இத்தகைய வீதியின் புதுக் கட்டடத்தில் மரத்தூணுக்கு மாற்றாகக் கான்கிரீட் தூணை ஏற்பது, அளவும் இடைவெளியும் பொருந்துமாயின், பெருந்தீங்கன்று.

சுவர்ப்பூச்சின் நிலை வேறு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழஞ்சுவர், உறிஞ்சிய ஈரத்தைத் தன் மேற்பரப்பின் வழியே ஆவியாக வெளியேற்றும். அதன்மீது சிமெண்டுப் பூச்சு படியின் அவ்வழி அடைபடும்; ஈரம் அண்டை வீட்டுப் பக்கம் திரும்பும்; உப்புப் பூத்துக் காரை உதிரும். அனுமதி பெறுபவர் ஒருவர். இழப்பை ஏற்பவர் மற்றொருவர்.

மதிப்பிடும் முறை

எனவே மாற்றுப் பொருளை மூன்று நிலைகளில் ஆராய்தல் வேண்டும்:

1. தெருவிலிருந்து புலப்படும் அளவு, நிறம், மேற்பரப்பு.
2. ஆண்டுகள் செல்லச்செல்ல அது மூப்படையும் விதம்.
3. ஒட்டிய பழஞ்சுவரின் ஈரப்போக்கில் அது விளைவிக்கும் மாற்றம்.

மூன்றாவது பொருந்தாவிடில், முதலிரண்டும் பொருந்தியும் பயனில்லை.

முடிவுரை

மாடவீதிகளில் பழஞ்சுவர்களை ஒட்டியே புதுக்கடைகள் எழும் திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். முகப்பை மட்டும் நோக்கி வழங்கும் ஒப்புதல், வீதியின் தோற்றத்தைக் காத்து அதன் சுவர்களை இழக்கச் செய்யும்.